படலுக்குப் போட்ட பூட்டு

ஜனவரி 3, புதன்

மில்லில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. போன வருடத்து டைரியில் ஜனவரி நான்காம் தேதிக்குப் பிறகு சுலோச்சனா கோலப் புள்ளி வைத்துப் பழகியிருக்கிறாள். இந்த வருடம் அப்படி விட முடியாது. வக்கீல் தெய்வசிகாமணியின் உத்தரவு: “நடக்கறதையெல்லாம் தேதி போட்டு எழுதி வைங்க. நாளைக்குக் கோர்ட்டுல உதவும்.”

ஆகவே, மாண்புமிகு நீதிபதி அவர்களே, நான் அர்த்தநாரி. வயது ஐம்பத்தாறு. நூற்பாலையில் டைம்கீப்பர். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டிமன்றப் பேச்சாளர். மூன்றாவது பேச்சாளர். கூட்டம் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பிக்கும்போது சிரிக்க வைத்து மறுபடி உட்கார வைப்பது என் வேலை.

வழக்கு இதுதான். போன ஆவணியில் காட்டுவலசில் எண்பது சென்ட் பூமி வாங்கினோம், என் மனைவி சுலோச்சனா பெயரில். ஒரு கிணறு, ஒரு மாமரம், தங்குவதற்கு ஓடு வேய்ந்த ஒரு சாளை. தார் ரோட்டிலிருந்து அங்கே போக ஆயிரத்து இருநூறு அடிக்கு ஓர் இட்டேரி உண்டு. இரண்டு பக்கமும் வேலி, நடுவே வண்டித்தடம். தடம் ஓடுவது பக்கத்துத் தோட்டக்காரர் நிலத்துக்குள். விற்றவர், “தடமெல்லாம் பேஷா இருக்குதுங்க, மாமூல் தடம்” என்று சொல்லிவிட்டு மகனோடு இருக்கக் கோயமுத்தூர் போய்விட்டார். கிரயம் முடிந்து நாங்கள் காரில் போய்ப் பார்த்தால் இட்டேரி வாயில் மூங்கில் படல். படலுக்குப் பூட்டு. எருமை ஒன்று பெருமூச்சு விட்டால் சாய்ந்துவிடுகிற படல் அது. பூட்டு மட்டும் என் உள்ளங்கை அகலம்.

பூட்டியவர் பக்கத்துத் தோட்டக்காரர் பொங்கியண்ணன். அவருக்கும் எனக்கும் எந்தப் பகையும் கிடையாது. நீதிபதி அவர்கள் இதை அடிக்கோடிட்டுக்கொள்ள வேண்டுகிறேன்.

ஜனவரி 7, ஞாயிறு

சமாதானமாகப் பேசலாம் என்று தனியாகக் காட்டுவலசு போனேன். அவர் வீடு தோட்டத்துக்குள் எங்கோ இருக்கிறது. வாய்க்காலோரம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு குனிந்து மடை வெட்டிக்கொண்டிருந்த ஓர் ஆளிடம் கேட்டேன்.

“ஏனுங்க, தூக்குப்போசி ஊடு எதுங்க?”

ஆள் நிமிர்ந்தார். பொங்கியண்ணன்.

தூக்குப்போசி என்பது அவருக்கு ஊரில் வழங்கும் பெயர். கைப்பிடி வைத்த மூடி போட்ட பாத்திரம், அவ்வளவுதான். கெட்ட வார்த்தை ஒன்றும் இல்லை. ஊரில் பொங்கியண்ணன்கள் மூன்று பேர். அடையாளம் வேண்டாமா? யார் வைத்த பெயரோ, எந்தக் காலத்தில் வைத்ததோ.

“அடடே, மச்சான்! நீங்களா!” என்றேன்.

“நாந்தானுங்க மாப்ளே” என்றார். மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை.

“தடம் விசயமா...”

“எந்தத் தடமுங்க?”

“நம்ம இட்டேரி.”

“நம்முளுதுங்களா? இத்தன நாளா என்றதுன்னு நெனச்சுட்டு இருந்தேன்.”

பேச்சு அத்துடன் முடிந்தது. மடையை மாற்றிவிட்டார். தண்ணீர் என் செருப்புப் பக்கமாக வந்தது. தற்செயலாகத்தான் இருக்கும்.

ஜனவரி 9, செவ்வாய்

சுலோச்சனாவுக்கு முழங்கால் தேய்மானம். வீட்டுக்குள் சுவரைப் பிடித்து நடக்கிறாள். ஆயிரத்து இருநூறு அடி என்பது அவளுக்குப் பழனி மலை. இன்று டாக்டர் நாள் குறித்துவிட்டார்: மார்ச் 11, இரண்டு முட்டியும். அதன் பிறகு நாலைந்து மாதம் காடு மேடு பேச்சே கூடாது என்றார்.

மொட்டை மாடியில் எண்ணெய் டின்களில் முப்பத்தொரு நாற்று வைத்திருக்கிறாள். சப்போட்டா, கொய்யா, நார்த்தை, ஒரு பலா. ஆவணியில் முழங்கை உயரம் இருந்தவை. பலா இப்போது டின்னைக் கிழித்துக்கொண்டு வேரை வெளியே விட்டுவிட்டது.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால ஒருக்கா என்ற பூமிய மிதிச்சுப் பாத்தரோணுமுங்க. செடிகளையும் நட்டுப்போட்டு வந்துட்டா அப்பறம் அறுக்கறவங்க அறுத்துக்கட்டும்” என்றாள். ஐந்து மாதமாக அவள் தன் சொந்தப் பூமியைப் பார்த்ததில்லை. படலைத்தான் பார்த்திருக்கிறாள்.

“அந்தத் தூக்குப்போசி மட்டும் மனசு வெச்சா...” என்று ஆரம்பித்தேன்.

மிக்ஸியைப் போட்டாள். ஜாரில் ஒன்றும் இருந்த மாதிரி தெரியவில்லை.

ஜனவரி 14, ஞாயிறு

நாளைக்குப் பொங்கல். வீடு ஒட்டடை. நான் மேலே, சுலோச்சனா கீழே நின்று சுட்டிக்காட்டல். முப்பது வருடத்துத் தாம்பத்தியம் இந்த அமைப்பில்தான் நன்றாக ஓடுகிறது.

ஜனவரி 24, புதன்

வக்கீல் ஆபீஸ். தெய்வசிகாமணி என் பேச்சின் ரசிகர். “கேஸ் போட்டா நிச்சயம் ஜெயிப்போமுங்க” என்றார்.

“எத்தன நாளாகுமுங்க?”

“ஒரு எட்டு வருசம்.”

“எனக்கு மார்ச் பதினொண்ணுங்க.”

“அப்ப நோட்டீஸ் உடுவோம். பேரு?”

“பொங்கியண்ணன்.”

“காட்டுவலசுலயா? அங்க மூணு பேர் இருக்கறாங்களே. அடையாளத்துக்கு ஏதாச்சும் சொல்லுங்க. நோட்டீஸ் மாறிப் போச்சுன்னா செல்லாது.”

நான் அடையாளம் சொன்னேன். வக்கீல் கேட்டால் உண்மையைச் சொல்லவேண்டும் அல்லவா? அவர் டைப் அடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் மாமியார் மருமகள் தலைப்பில் மேட்டூரில் பேசியதை அவருக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

ஜனவரி 31, புதன்

நோட்டீஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆபீஸ் காப்பியை இன்றுதான் படித்தேன்.

‘பொங்கியண்ணன் என்கிற தூக்குப்போசி அவர்களுக்கு’ என்று ஆரம்பிக்கிறது. பத்திரங்களில் மணி என்கிற சுப்பிரமணியம் என்று எழுதுவதில்லையா, அந்த முறை. வக்கீல்மேல் தப்பில்லை. ‘மேற்படி தூக்குப்போசியாகிய தாங்கள்’ என்று நடுவில் நாலு தடவை வருகிறது. ‘தூக்குப்போசியாகிய தாங்கள் பதினைந்து தினங்களுக்குள் படலை நீக்காத பட்சத்தில்’ என்று முடிகிறது.

உறையின் மேலும் அதே விலாசம். காலை ஏழு மணிக்குப் பால் சொசைட்டியில் ஊரே கேனோடு நிற்கும்போது தபால்காரர் வந்திருக்கிறார். மூன்று பொங்கியண்ணன்களும் வரிசையில் நின்றிருக்கிறார்கள். எந்தப் பொங்கியண்ணன் என்று தெரிய, அவர் கடமை தவறாமல் உரக்கப் படித்திருக்கிறார்.

சுலோச்சனாவிடம் சொல்லவில்லை.

சாயங்காலம். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. மிக்ஸி நாற்பது நிமிடம் ஓடியது.

பிப்ரவரி 2, வெள்ளி

ஒரு சிறு திருத்தம், நீதிபதி அவர்களே. ஜனவரி ஏழாம் தேதிக் குறிப்பில், அந்தப் பெயரை யார் வைத்தார்களோ என்று எழுதியிருந்தேன். யோசித்துப் பார்த்ததில், அது வைக்கப்பட்ட இடத்தில் நானும் இருந்ததாக ஞாபகம். கூட்டம் அதிகம். யார் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம். பட்டப்பெயரை யாரும் வைப்பதில்லை. அது தானாக வந்து ஒட்டிக்கொள்ளும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

பொங்கியண்ணன் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, மடித்த காகிதம். சுலோச்சனா சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து போய், “வாங்கண்ணா” என்றாள். அவளும் அவரும் ஒரே குலம். உறவு முறையில் அண்ணன் தங்கச்சி.

“முட்டி எப்படி இருக்குது அம்மிணி?”

“இருக்குதுங்கண்ணா.”

என்னிடம் திரும்பினார். குரல் மாறிவிட்டது. “நோட்டீஸ் வந்துச்சுங்க. பதில் சொல்லோணுமில்ல. அறுபத்தொண்ணாம் வருசத்துப் பத்திரம், எங்கப்பன் பொட்டியில இருந்துது. நீங்களே படிங்க. நீங்கதான் மைக்குல நல்லாப் பேசுவீங்களே.”

படித்தேன். ‘மேற்படி பூமிக்குக் கட்டை வண்டி, மாடு, ஆட்கள் போக வர மாமூல் இட்டேரித் தட பாத்தியம் உண்டு.’

“பாத்தீங்களா மச்சான், தடம் இருக்குது!” என்று துள்ளினேன்.

“இருக்குதுங்க. இல்லீன்னு சொன்னா என்ற அப்பன் கையெழுத்த நானே பொய்யின்னு சொன்னாப்புல ஆயிரும். கட்டை வண்டி. மாடு. ஆளு. இதுல காரு எங்க இருக்குது? டெம்போ எங்க இருக்குது?”

“அறுபத்தொண்ணுல காரு ஏதுங்க?”

“அது அவங்க பாடு. எழுத்துல என்ன இருக்குதோ அப்படியே வாங்க. வண்டி மாட்டோட வந்தீங்கன்னா நானே படலத் தொறந்து உடறேன். எழுத்துன்னா எழுத்துத்தானுங்களே மாப்ளே? நீங்க எழுதுனத நான் அப்படியே வாங்கிக்கலையா?”

காப்பியைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். சுலோச்சனாவிடம் சொல்லிக்கொண்டு போனார்.

“போதுமுங்களா?” என்றாள் அவள்.

எதைக் கேட்டாள் என்று தெரியவில்லை. காப்பியைத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

கட்டை வண்டி தேடல். சுற்று வட்டாரத்தில் ஒன்றே ஒன்று உயிரோடு இருக்கிறது. மாரப்பன் என்பவருடையது. அதுவும் கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோ எடுத்துக்கொள்வதற்காக வைத்திருக்கிறார். மாடுகளுக்குக் கொம்பில் வெள்ளிப் பூண். கழுத்தில் மணி. ஞாயிற்றுக்கிழமைக்குச் சொல்லியாயிற்று.

“மாடு சாதுங்களா?” என்றேன்.

“கேமரா முன்னால வெச்ச கால எடுக்காதுங்க” என்றார். பெருமையாகத்தான் சொன்னார். நான்தான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரோட்டோரம் காரை நிறுத்தி, நாற்காலி போட்டுச் சுலோச்சனாவை வண்டியில் ஏற்றினோம். பச்சைப் பட்டு கட்டியிருந்தாள். மடியில் பலா நாற்று. வண்டி நிறைய எண்ணெய் டின்கள். கல்யாணத்தில்கூட இவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து நான் பார்க்கவில்லை.

பொங்கியண்ணன் சொன்ன சொல் தவறவில்லை. பூட்டைத் திறந்து படலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் தடத்தில் போனதற்கு ஆதாரம் வேண்டும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வண்டிக்கு முன்னால் நடந்த நான், நாலடி போனதும் திரும்பிப் போனை உயர்த்தி வீடியோ எடுத்தேன்.

மாடுகள் நின்றன. இரண்டும் ஒரே சமயத்தில் தலையை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டன.

“போனக் கீழ போடுங்க! கேமரான்னு நெனச்சுக்குது!” என்று மாரப்பன் கத்தினார். போட்டேன். மாடுகள் நடந்தன. அதற்குள் மணிச் சத்தம் கேட்டுக் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வேலியோரம் வந்துவிட்டார்கள். கட்டை வண்டி, வெள்ளிப் பூண், பட்டுச்சேலை. ஆளுக்கொரு போனை எடுத்தார்கள். மாடுகள் வலப்பக்கம் சாய்ந்து நின்றன. அந்தப் பக்கம் முடிந்ததும் இந்தப் பக்கம். அரை மணி நேரத்தில் இருநூறு அடி. சுலோச்சனா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். முதலில் அழுகிறாள் என்று நினைத்தேன்.

“அதா பாருங்க, என்ற மாமரத்து உச்சி தெரியுது!” என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்கு வேகம் வந்துவிட்டது. மூக்கணாங்கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடந்தபடி இழுத்தேன். பட்டிமன்றக்காரன் முன்னால் பார்த்து நடந்தால்தானே? வேலி விட்டுப்போன இடத்தில் பொங்கியண்ணனின் எருக்குழி. இடுப்பளவு. அன்று காலைதான் புதுச் சாணம் கொட்டியிருந்தார்கள்.

விழுந்த சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. மெத்தென்றுதான் இருந்தது.

பொங்கியண்ணன் ஓடி வந்தார். தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்த தன் மனைவியை நோக்கி, “பாப்பாத்தீ! எருக்குழிக்குள்ள மாப்ள உழுந்துட்டாரு, கவுறு கொண்டாடீ!” என்று குரல் கொடுத்தார். அந்தக் குரலுக்கு மைக் தேவையில்லை. இரண்டு ஊருக்குக் கேட்டது. வேலியோரம் இருந்த எல்லாப் போன்களும் என் பக்கம் திரும்பின. மாடுகளும் திரும்பி நின்று என்னோடு போட்டோவுக்கு நின்றன.

என்னை அந்தக் கோலத்தில் வைத்துக்கொண்டு மேலே போக முடியாதென்று சுலோச்சனாவை ஏற்றிய வண்டி திரும்பிவிட்டது. நாற்றுகளும் திரும்பின. இன்னும் ஆயிரம் அடிதான் பாக்கி.

என்னை மோட்டார் தண்ணீரில் கழுவியவர் பொங்கியண்ணன்தான். சட்டைக்காக மோட்டார் ரூமுக்குள் கூட்டிப்போனார். சுவர் ஆணியில் ஒரு தூக்குப்போசி தொங்கியது. பித்தளை. வயிற்றில் ‘நல்லம்மாள்’ என்று பொறித்திருந்தது.

“எங்கம்மாளுதுங்க” என்றார். “உங்க கல்யாணத்தன்னைக்குக் கொண்டாந்தனே, அதுதான்.”

பிப்ரவரி 12, திங்கள்

மில்லுக்குப் போகவில்லை. உடம்பு முழுக்க மூன்று சோப்பு தேய்த்தும் வாசம் போகவில்லை. இனி முகூர்த்த நாட்களாம்; ஏப்ரல்வரை வண்டி கிடையாது என்று மாரப்பன் சொல்லிவிட்டார்.

பிப்ரவரி 14, புதன்

இந்தப் பக்கத்தை நீதிபதி அவர்கள் படிக்க வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் கைகோர்வைச் சீர் என்று ஒன்று உண்டு. பெண்ணுக்கு அண்ணனோ தம்பியோ மாப்பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து கைகோர்க்க வேண்டும். சுலோச்சனாவுக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. குலத்தில் அண்ணன் முறை என்று பொங்கியண்ணன் வந்து உட்கார்ந்தார். வேர்த்திருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு, “பயப்படாதீங்க மாப்ளே” என்று மெதுவாகச் சொன்னது அவர்தான்.

அது காலையில். மதியம் பந்தி. அப்போதே எனக்கு மைக் என்றால் கிறுக்கு. வாழ்த்துச் செய்தி படிக்கிறேன் என்று வாங்கிக் கையில் வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அவர் சமையல்கட்டுப் பக்கமாகப் பாத்திரத்தோடு போனார். நான் மைக்கில், “தூக்குப்போசி வந்தாச்சு, எல்லாரும் சீக்கிரம் சாப்பிடுங்க, இனிமே பாயாசம் கெடைக்காது” என்றேன். மண்டபமே சிரித்தது. என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அதற்குப் பிறகு ஆயிரம் மேடையில் அந்தக் கைதட்டலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் ரூமில் மீதியைச் சொன்னார். அவர் அம்மாவுக்கு அப்போது எழுந்திருக்க முடியாது. தங்கச்சி கல்யாணத்துப் பாயாசம் ஒரு வாய் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. எல்லோரும் சிரித்ததும் காலிப் போசியோடு வீட்டுக்குப் போய், பாயாசம் தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். எட்டாம் நாள் அம்மா போய்விட்டது.

“நீங்க தெரிஞ்சு சொல்லலீங்க. அது எனக்குத் தெரியும்” என்றார். “ஆனா முப்பது வருசத்துல ஒருக்காக்கூட நீங்க கேக்கவே இல்லீங்களே, எதுக்குப் போசி கொண்டாந்தேன்னு.”

பிப்ரவரி 18, ஞாயிறு

பரிகாரம் செய்யக் கிளம்பினேன். காட்டுவலசு டீக்கடையில் பெஞ்சின்மேல் ஏறி நின்று, “இனிமேல் பொங்கியண்ணனை யாரும் தூக்குப்போசி என்று கூப்பிடக்கூடாது” என்று பத்து நிமிடம் பேசினேன். தெரியாதவர்களுக்கும் தெரியட்டும் என்று அந்தப் பெயரைச் சுமார் இருபது தடவை சொல்லியிருப்பேன். உரம் இறக்க வந்திருந்த வெளியூர் ஆட்கள், “யாருங்க அந்தத் தூக்குப்போசி? நல்ல பேரா இருக்குதே” என்று கேட்டுக்கொண்டார்கள்.

முடிவில் கடைக்காரர், “செரிங்க எருக்குழியாரே, நீங்க சொன்னா செரிதான்” என்றார்.

பிப்ரவரி 19, திங்கள்

பொங்கியண்ணன் போன்.

“மாப்ளே, நேத்து டீக்கடையில பேசுனீங்களாமா?”

“ஆமாங்க மச்சான், இனி ஒருத்தரும்...”

“உங்களக் கையெடுத்துக் கும்புடறேன். ஒண்ணும் பேசாம இருங்க. அது போதும்.”

அறுவை சிகிச்சைக்கு இன்னும் மூன்று வாரம். பலா வாடுகிறது. சுலோச்சனா அதற்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு எல்லாம் முதல் நாளிலிருந்தே தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க எப்பங்க வாய மூடுனீங்க, நான் தொறக்கறதுக்கு?” என்றாள்.

பிப்ரவரி 22, வியாழன்

பட்டிமன்ற அமைப்பாளர் போன் செய்தார். நோட்டீஸில் ‘நகைச்சுவைத் தென்றல்’ என்று போடுவதா, ‘எருக்குழி’ என்று போடுவதா? அந்த வீடியோவை அவர் மாமியார் வீட்டில்கூடப் பார்த்துவிட்டார்களாம். மில் கேட்டில் வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் தலையை இடப்பக்கம் சாய்த்து நிற்கிறார்.

பட்டப்பெயர் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்று எழுதியது நான்தான். ஒட்டும்போது எப்படி இருக்கும் என்று எழுதவில்லை.

பிப்ரவரி 25, ஞாயிறு

காட்டுவலசில் சொசைட்டிச் செயலாளர் மகள் கல்யாணம். வாழ்த்திப் பேச என்னை அழைத்திருந்தார்கள். பொங்கியண்ணன் வரவில்லை. இந்த ஊரில் எந்தக் கல்யாணப் பந்திக்கும் அவர் போவதில்லையாம். அதையும் இத்தனை வருடமாக நான் கேட்டதில்லை.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக வாங்கி அப்படியே திருப்பிக் கொடுத்தேன். பையைத் திறந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன தூக்குப்போசியை எடுத்தேன். சில்வர், ‘சுலோச்சனா’ என்று பேர் போட்டது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பந்தியின் நடுவே, வேண்டுமென்றே மெதுவாக, சமையல்கட்டுக்கு நடந்தேன்.

“எருக்குழியார் போசியோட வந்துட்டாருடோய்!” என்று ஒரு குரல். மண்டபம் சிரித்தது. நல்ல பெரிய சிரிப்பு. சமையல்கட்டு இருபது அடி தூரம்தான். சுலோச்சனாவின் ஆயிரத்து இருநூறு அடி எவ்வளவு என்று எனக்கு அப்போது தெரிந்தது.

“என்ன ஊத்தறதுங்க?” என்றார் சமையல்காரர்.

“பாயாசம். நெறையா.”

நேராகப் பொங்கியண்ணன் வீட்டுக்குப் போனேன். ஒன்றும் பேசவில்லை, பேசக்கூடாதென்றுதானே சொல்லியிருந்தார்? போசியை நீட்டினேன். மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளே போய், மாட்டியிருந்த நல்லம்மாளின் படத்துக்குக் கீழே வைத்தார். பாப்பாத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வெளியே வந்தவர், “முந்திரி கம்மியாப் போட்டிருக்கறானுங்க” என்றார்.

மார்ச் 4, திங்கள்

வக்கீல் ஆபீஸ். பொங்கியண்ணனே வரச் சொல்லியிருந்தார். புதிதாகத் தட பாத்தியப் பத்திரம் எழுதித் தருகிறாராம், தங்கச்சிக்கு.

“கண்டிசன் ரெண்டு இருக்குதுங்க. எழுதிக்குங்க” என்று தெய்வசிகாமணியிடம் சொன்னார். “காரு, டெம்போ, டிராக்டர், லாரி, ஆம்புலன்ஸ், இனிமேல் என்னென்ன கண்டுபிடிக்கறாங்களோ அத்தனையும் போலாம். கட்டை வண்டி மட்டும் கூடாது. தாங்காதுங்க.”

“ரெண்டாவது?”

“அடையாளம் தெளிவா இருக்கோணும். நோட்டீஸ்ல இருந்தாப்புல. அர்த்தநாரின்னு இந்தப் பக்கம் ஏகப்பட்ட பேர் இருக்கறாங்க. நாளைக்குப் பேரன் பேத்தி காலத்துல கொழப்பம் வரக்கூடாதில்லைங்க?”

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் சுலோச்சனாவைப் பார்த்தேன். அவள் மேஜையிலிருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றிவிட்டாள்.

மார்ச் 6, புதன்

பதிவு முடிந்தது. சார்பதிவாளர் ஆபீஸில் கூட்டம். குமாஸ்தா உரக்கப் படித்தார்: “எழுதிக் கொடுப்பவர், காட்டுவலசு ராமசாமி மகன் திரு. பொங்கியண்ணன். எழுதி வாங்குபவர், அர்த்தநாரி என்கிற எருக்குழி என்பவரின் மனைவி சுலோச்சனா.”

ஆபீஸே சிரித்தது. அவர் பெயருக்கு முன்னால் ‘திரு’வைத் தவிர ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் அரசாங்க முத்திரை குத்தி, போட்டோ ஒட்டி, நிரந்தரமாக. இனி யார் எந்தக் காலத்தில் வில்லங்கம் போட்டுப் பார்த்தாலும் அந்த எண்பது சென்ட்டுக்கு நான்தான் வில்லங்கமாக வருவேன்.

சாட்சிக் கையெழுத்துப் போட நான் தடுமாறியபோது பொங்கியண்ணன் என் கையைப் பிடித்துப் பக்கத்தைக் காட்டினார். “பயப்படாதீங்க மாப்ளே” என்றார்.

மார்ச் 10, ஞாயிறு

படலே இல்லை. இரண்டு பக்கமும் படல் கட்டியிருந்த கம்பங்களைத் தோண்டி எடுத்த புது மண் மட்டும் இருந்தது. எருக்குழிக்குச் சுற்றிலும் முள் போட்டு மூடியிருந்தார்கள். அது எனக்காகச் செய்த மரியாதை.

கார் மாமரத்தடிவரை போயிற்று. சுலோச்சனா கதவைத் திறந்து, செருப்பைக் காரிலேயே விட்டுவிட்டு, ஒரு காலை மண்ணில் வைத்தாள். அடுத்த காலையும் வைத்தாள். நான் தோள் கொடுக்கப் போனேன். வேண்டாம் என்று கை காட்டிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றாள்.

முப்பத்தொரு குழியையும் பொங்கியண்ணன் முன்கூட்டியே தோண்டி வைத்திருந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு செடியாக எடுத்துக் கொடுத்தாள், அவர் நட்டார், பாப்பாத்தி தண்ணீர் விட்டது. பலாவை மட்டும் சுலோச்சனாவே குனிந்து நட்டாள். எனக்குக் கொடுத்த வேலை வாயை மூடிக்கொண்டு டின்களை அடுக்குவது.

வேலைக்கு நடுவில் அவள் போன் அடித்தது. வேலிக்கல் ஏற்றிக்கொண்டு லாரிக்காரர் வந்துகொண்டிருக்கிறார், வழி தெரியவில்லையாம். நான் வாங்கிச் சொல்லலாமென்று கையை நீட்டினேன். அவள் கொடுக்கவில்லை.

“ரோட்டுல நின்னு யாரு கிட்ட வேணாலும் கேளுங்கண்ணா” என்றாள். “எருக்குழியார் தோட்டம்னு சொல்லுங்க. தடம் காட்டுவாங்க.”